அன்று வராமல் போனவர்களில் நானும் ஒருவன்

தம்பி,

கல்யாணப் பத்திரிகையின் மாதிரி போனில் வந்து சேர்ந்தது. உன் அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துக்கொண்டே இருக்கிறாள். என் பெயருக்கு முன்னால் 'திரு' போட்டிருக்கிறாய். இத்தனை வருஷம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டியவனை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, இருந்தாலும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பெண் வீட்டார் பெயர், மண்டபம், நேரம் எல்லாம் சரி. நேற்று போனை வைக்கப் போகும்போது ஒன்று சொன்னாயே, அதுதான் சரியில்லை. "லயத்துல எல்லா வீட்டுக்கும் தாம்பூலம் வைப்போம்பா. வீரா மாமா வீட்டுக்கு மட்டும் வேணாம். அவரு மண்டபத்துக்கு வந்தா நான் மேடை ஏற மாட்டேன்." நான் பதில் சொல்லவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். லைன் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் மூச்சு போதவில்லை. கோபமாகப் பேச ஆரம்பித்தால் பாதி வழியில் நின்றுவிடுகிற நெஞ்சு இது. எழுதினால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம். அதோடு, நீ குறுக்கே பேசவும் முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் லயத்தில் ஒரு வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டுக்குத் தாம்பூலம் வைப்பது என்றால் என்ன என்று உனக்கு மறந்திருக்காது. ஒரே கூரை, வரிசையாக வாசல்கள். தட்டை ஏந்திக்கொண்டு கல்யாண வீட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்றால் எல்லா வாசலிலும் ஆள் வந்து நிற்கும். நடுவில் ஒரு கதவைப் பார்க்காததுபோலத் தாண்டிப் போய்விட்டால் போதும். அதற்கு மேல் வாயைத் திறந்து திட்ட வேண்டியதே இல்லை, அந்த வீட்டுக்காரன் செத்த மாதிரி. வீராசாமிக்கு அதைச் செய்யச் சொல்கிறாய். அவன் நமக்கு ரத்த உறவு இல்லை, தெரியும். கொழுந்து பறிக்கிறவர்களை மேய்க்கிற மண்டோர், மேல் லயத்துக்காரன், அவ்வளவுதான் என்று வெளியாள் சொல்லலாம். ஆனால் கூடப் பிறந்தவன் இல்லாத உன் அம்மாவை அவன் வாய் நிறையத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டான். உனக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டும் என்றபோது, யாரும் கேட்காமலே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தவன் அவன். நீ அலறிய அலறலில் அவன் வேட்டியை நனைத்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன், உன் வருங்கால மனைவி படிக்கட்டும். நாளைக்கு உன் தலையில் தலைப்பாகை கட்ட வேண்டிய கை அந்தக் கைதான்.

நீ அவன்மேல் ஏன் கோபமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பி.கே.பி. ஊரடங்குக் காலத்தில் எனக்கு நெஞ்சுவலி வந்தபோது நான் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஒரு நாள் முழுக்க வீட்டில் கிடந்தேன். அதற்கு வீராதான் காரணம் என்று நீ முடிவுகட்டிவிட்டாய். அந்தக் கதையை நீ மற்றவர்கள் வாயிலிருந்து கேட்டாய். வலித்தவன் நான். என்னை நீ கேட்கவே இல்லை. அப்பாவைத் தொந்தரவு பண்ணக்கூடாது என்று நினைத்திருப்பாய். இப்போது கேட்டுக்கொள். ஆனால் நான் நெஞ்சைப் பிடித்த நாளிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை, அதற்கு முன்னாலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

ஊரடங்குக்கு முந்தைய நம் டவுன் ஆஸ்பத்திரியை நினைத்துப் பார். திங்கட்கிழமை காலையில் எமர்ஜென்சியின் பச்சை நாற்காலிகளில் பாதி நம் ஆட்கள்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் சாப்பாடோ கால்பந்தோ முடிந்த மறுநாள் இடுப்புவலி எங்கிருந்துதான் வருமோ தெரியாது. எம்.சி. என்கிற அந்த விடுப்புச் சீட்டைக் கையில் வாங்கிய உடனே போய்விடும். மழை பிடித்துக்கொண்டால் கூட்டம் இன்னும் கூடும், ஈரச் சரிவில் கூடையைச் சுமக்க யாருக்குத்தான் ஆசை. நானும் உட்கார்ந்திருக்கிறேன், ஏன் மறைக்க வேண்டும்? அங்கே உட்கார்ந்து கதை பேசி, பக்கத்துத் தோட்டத்தில் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் சண்டை என்று எல்லாம் தெரிந்துகொண்டு வருவோம். நெஞ்சு கரிக்கிறது என்று ஒருமுறை போனேன்; ஒன்றும் இல்லை, வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. சுளித்தது நீதான்.

அப்போது நீ மருத்துவ உதவியாளர் படிப்பை முடித்துக் கடலோரப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருந்தாய். எமர்ஜென்சி வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்த மாத்திரத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கிற வேலை. பச்சை என்றால் காத்திருக்கலாம், சிவப்பு என்றால் உயிர் ஊசலாடுகிறது என்று எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தாய். அந்தத் தீபாவளிக்கு வந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாய்: "உங்கள மாதிரி ஆளுங்க வந்து பச்சையில ஒக்காந்துக்கிறதாலதான்பா உண்மையான நோயாளிக்கு எடம் இல்ல. சும்மா சும்மா எமர்ஜென்சிக்கு ஓடாதீங்க, எங்களுக்குக் கேவலமா இருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். வீராவும்தான். நானும் சிரித்தேன். நீ சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் நீ அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னாய், அதை மனசில் வாங்கிக்கொண்டவன் நான் மட்டும்தான். மற்றவர்கள் அடுத்த திங்கட்கிழமையே போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

பிறகு அந்த மார்ச் மாதம் வந்தது. இந்த மலை அப்படி அடங்கிப்போய் நான் பார்த்ததில்லை. கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரிக் கடைகளுக்கெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். வாங்க ஆளில்லாமல் கீரையும் கோசும் சாலையோரம் குவிந்து அழுகின. வார இறுதியில் கார்கள் நகராமல் நிற்கிற வளைவுகளில் நாய்கள் படுத்துத் தூங்கின. தேயிலைக்கு மட்டும் ஊரடங்கு தெரியாது, அது பாட்டுக்கு வளர்ந்தது. எஸ்டேட் துரை அனுமதி வாங்கினார், குறைந்த ஆட்களை வைத்துக் கொழுந்து எடுத்தார்கள், நான் லோரி ஓட்டினேன். டவுனுக்குப் போகிற வழியில் போலீஸ் தடுப்பு. ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான் வெளியே போகலாம். காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு நிற்கும்போதுகூட ஆளுக்கு ஆள் கை தூரம்.

அந்த நாட்களில் நீ தினமும் சாயங்காலம் கூப்பிடுவாய். ஒரு நாள் உன் குரலில் ஒரு மாதிரியான ஆச்சரியம். "அப்பா, இங்க நாங்க ஈ ஓட்டிக்கிட்டு இருக்கோம்பா. கொரோனா கேஸுக்கு தனி வழி. மத்தபடி பச்சையில ஒரு ஆள் இல்ல. அது பரவால்ல. சிவப்புலயும் ஆள் இல்லப்பா. நெஞ்சுவலிக்காரங்க, கைகால் இழுத்துக்கிட்டவங்க எல்லாம் எங்க போனாங்க? கொரோனா வந்துச்சுன்னு மாரடைப்பு லீவு எடுத்துக்கிச்சா?" நான் சிரித்தேன். அதே பேச்சில் நீ இன்னொன்றும் சொன்னாய். குரல் உடைந்துபோய்ச் சொன்னாய். உன்னோடு வேலை பார்த்த ஒருவருக்குத் தொற்று வந்து உள்ளே படுக்கவைத்துவிட்டார்கள் என்று அன்றுதான் உனக்குத் தெரிந்திருந்தது. "நீங்களும் அம்மாவும் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதீங்க. அங்கதான் எல்லாருக்கும் ஒட்டுது. போக மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கப்பா." நான் சத்தியம் செய்தேன். என் பிள்ளை அப்படி அழுது நான் கேட்டதே இல்லை. அந்த நிமிஷத்தில் நீ என்ன கேட்டிருந்தாலும் சத்தியம் செய்திருப்பேன்.

வீரா லயத்தாரைக் கூட்டியது அதற்குப் பிறகுதான். கீழே எங்கேயோ ஒரு குடியிருப்பில் ஒருத்தருக்குத் தொற்று என்று முள்கம்பி போட்டு மொத்தமாக அடைத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த நேரம். கோயில் கொட்டகையில் எட்ட எட்ட நின்றோம். அவன் சொன்னதை நீ யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டாயே, அதில் பாதியைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். "சளி, இருமல்னு யாரும் சும்மா ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்கலா. அங்க போனா மூக்குல குச்சி விடுவான். ஒருத்தனுக்கு இருந்தா லயமே உள்ள, வேலை போச்சு. எதுவா இருந்தாலும் மொதல்ல என்கிட்ட வந்து சொல்லுங்க." கடைசி வாக்கியம்தான் உன் காதுக்கு வரவில்லை. அவன் பேசியது முழுக்க நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. மண்டோர் வாயிலிருந்து வந்தால் நம் ஆட்கள் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொள்வார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் கால்விரல் கறுத்த பிறகுதான் வெளியே சொன்னார். மாத்திரை தீர்ந்துபோனவர்கள் பக்கத்து வீட்டு மாத்திரையில் பாதியை வாங்கி விழுங்கினார்கள். எல்லோருமே லயத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வந்தது ஒரு காலை வேளை. கொழுந்து மூட்டைகளை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். பனி இறங்கிக் கை விறைக்கிற குளிரில் என் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. நெஞ்சில் யாரோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு பாரம், தாடையில் ஓர் இழுப்பு, இடது கை என்னுடையது மாதிரியே இல்லை. எப்படியோ லோரியை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா ஓமத்தண்ணீர் வைத்தாள், இஞ்சி தட்டிப் போட்டாள், முதுகில் தைலம் தேய்த்தாள். "வாயுதான், சரியாப் போயிடும்" என்று அவளிடம் நானே சொன்னேன். உள்ளுக்குள் எனக்குத் தெரியும், தம்பி. நீ எடுத்த வகுப்பு எனக்கு மறக்கவில்லை. சிவப்பு என்றால் எப்படி இருக்கும் என்று நீ சொன்னபடியே இருந்தது. தெரிந்தும் ஏன் உட்கார்ந்திருந்தேன் என்று நீ கேட்பாய். உன்னைப் போன்றவர்கள் எல்லோருமே அதைத்தான் கேட்கிறார்கள்.

அடுப்புக்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டு நான் யோசித்ததை அப்படியே சொல்கிறேன். நெஞ்சு கரிக்கிறது என்று முன்பு ஒருமுறை போய் அசடு வழிந்தது ஞாபகம் வந்தது. இதுவும் வாயுவாக இருந்துவிட்டால், இந்த நேரத்தில், ஆஸ்பத்திரிக்காரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கும்போது, நான் போய் ஒரு கட்டிலைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? அந்தக் கட்டில் யாருக்கோ தேவைப்பட்டால்? கூட்டத்தில் நின்று தொற்றை வாங்கிவந்து உன் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டால்? எல்லாவற்றுக்கும் மேலே, உன் அழுகைக்குச் செய்துகொடுத்த சத்தியம். வீரா சொன்னது என் யோசனையில் கடைசியாகத்தான் வந்தது, அதுவும் ஒரு சாக்காகத்தான் வந்தது. சாயங்காலம் நீ கூப்பிட்டாய். "ஏம்பா மூச்சு வாங்குது?" என்று கேட்டாய். மேடு ஏறி வந்தேன் என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன் ஆஸ்பத்திரியில் காணாமல் போன சிவப்பு ஆட்கள் எங்கே என்று கேட்டாயல்லவா? அதில் ஒருத்தன் அந்த நேரத்தில் உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தான்.

விடிந்ததும் உன் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. யாரையும் கேட்காமல் மேல் லயத்துக்கு ஓடினாள். 'போகாதே' என்று சொன்ன மண்டோரிடமே போய் நின்றாள். வீரா வந்து என் முகத்தைப் பார்த்தான். காய்கறி ஏற்றுகிற அவனுடைய பழைய லேண்ட்ரோவரை வாசல்வரைக்கும் கொண்டுவந்துவிட்டான். கைத்தாங்கலாக ஏற்றினான். ஒரு வண்டியில் இத்தனை பேர் போகக்கூடாது என்று சட்டம் இருந்த நேரத்தில், உன் அம்மா பின்னால் கோசுக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். வழியில் அவன் கேட்டான், "ஏன் மச்சான் நேத்தே சொல்லல? என்கிட்ட சொல்லுங்கன்னுதானே சொன்னேன்?" எனக்குப் பேச்சு வரவில்லை. வந்த கொஞ்சத்தில் சொன்னேன்: "பையன்கிட்ட சத்தியம் பண்ணிட்டேன்டா, ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன்னு." வளைவுகளில் அவன் அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததே இல்லை.

நாங்கள் பயந்த போலீஸ் தடுப்பில் நின்றது உன் வயதுக்கார மலாய்ப் பையன். என்னை எட்டிப் பார்த்தான், பின்னால் கூடைக்குள் இருந்த உன் அம்மாவையும் பார்த்தான். "ஹாஸ்பிட்டலா, பாச்சிக்? ஜாலான், ஜாலான்" என்று மாமா முறையில் கூப்பிட்டுப் போகச் சொல்லி, தடுப்பை இழுத்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் எங்களுக்கு முன்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தான். எமர்ஜென்சியில் நாங்கள் பயந்த கூட்டமும் இல்லை. நான் கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்த பச்சை நாற்காலிகளில் குறுக்கே நாடா ஒட்டியிருந்தது, ஒரு மனுஷர் இல்லை. அங்கி போட்டவர்கள் தள்ளுகட்டிலோடு ஓடிவந்தார்கள். யாருடைய இடத்தைப் பிடித்துவிடுவேனோ என்று ஒரு நாள் முழுக்க நான் வலியைச் சுமந்துகொண்டு கிடந்தேனோ, அந்த இடம் எனக்காகவே காலியாகக் கிடந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அழுகை வருகிறது. என்னைப் பார்த்த டாக்டர் பெண் திட்டவே இல்லை. நேற்றே வந்திருந்தால் அடைப்பை மருந்தால் கரைத்திருக்கலாம் ஐயா, இனிமேல் இருப்பதைக் காப்பாற்றுவோம் என்று மெதுவாகச் சொன்னாள். ஆம்புலன்ஸில் மலையிறக்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இருந்ததைக் காப்பாற்றினார்கள். செத்துப்போன பகுதி செத்துப்போனதுதான்.

நீ மாநிலம் தாண்டி வர முடியாமல் போனிலேயே தவித்தாய். அப்போதுதான் யாரோ உனக்கு லயத்துக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். வீராவைக் கூப்பிட்டு நீ பேசியதை உன் அம்மா பக்கத்தில் நின்று கேட்டாள். அவனுக்குக் காது மந்தம், போனை எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவான். "எங்கப்பா நெஞ்சுல பாதிய நீங்கதான் கொன்னீங்க. மண்டோர்னா என்ன பெரிய டாக்டரா? இனிமே எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதீங்க." உன் அம்மா போனைப் பிடுங்கப் போனாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது. அவன் கையைக் காட்டித் தடுத்தான். "சரிப்பா. என் தப்புதான்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டான். பிறகு அவளிடம் சொன்னானாம்: "அந்தச் சத்தியத்தாலதான் போகலன்னு புள்ளகிட்ட சொல்லிடாத தங்கச்சி. தெனமும் பத்து உசுரு அவன் கையில இருக்கு. இது தெரிஞ்சா அந்தக் கை நடுங்கும். என் மேலயே இருந்துட்டுப் போகட்டும், எனக்கென்ன."

இவ்வளவுதான், தம்பி. ஒரே ஒரு வார்த்தை அவன் கையில் இருந்தது. நீ அப்படிப் பேசும்போது அதை எடுத்து வீசியிருக்கலாம், நானாக இருந்தால் வீசியிருப்பேன். இத்தனை வருஷமாக அதை விழுங்கிக்கொண்டிருக்கிறான். தினமும் மேல் லயத்திலிருந்து இறங்கிவந்து என்னோடு தேத்தண்ணீர் குடிப்பான், என் மாத்திரையை எடுத்துக் கொடுப்பான். நீ லீவில் வருகிறாய் என்று தெரிந்தால் மட்டும் மோட்டாரை எடுத்துக்கொண்டு கம்போங் ராஜாவில் அவன் மகள் வீட்டுக்குப் போய்விடுவான். நீ கிளம்பிப் போன பிறகுதான் திரும்புவான். "கீரை வெதை வாங்கப் போனேன் மச்சான்" என்பான். அத்தனை விதையையும் போட்டிருந்தால் இந்த மலை முழுக்கக் கீரையாகத்தான் இருந்திருக்கும். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடமும் வாக்கு வாங்கியிருக்கிறான். உனக்குக் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றி நான் பட்டது போதும். அவனுக்குக் கொடுத்ததை இப்போது உடைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு நீ உன்மேல் பழியைப் போட்டுக்கொள்ளப் போகிறாய். உன்னைத் தெரியாதா எனக்கு? அப்படிச் செய்தால் உனக்கு நல்ல அறை விழும், மேடையிலேயே விழும். அன்று நீ பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தால் என் அப்பாவிடமும் அதையேதான் சொல்லியிருப்பேன். உன்னோடு வேலை பார்த்த எல்லோரும் தங்கள் வீட்டாரிடம் அதைத்தான் சொன்னார்கள் என்று பிறகு நீயே ஒரு பேச்சுக்குச் சொன்னாய். பிரச்சினை, 'வராதே' என்கிற வார்த்தை ரொம்ப லேசாக எல்லோர் வீட்டுக்கும் போய்விடுகிறது. யாருக்கு வராதே, எந்த வலிக்கு வா என்பது அந்த வேகத்தில் போகவில்லை. நீ சொன்னாய், வீரா சொன்னான், டிவியில் சொன்னார்கள், தடுப்பு போட்டவர்கள் வாயைத் திறக்காமலே சொன்னார்கள். எம்.சி.க்காக வருகிறவனை நிறுத்தச் சொன்னது என்னையும் நிறுத்திவிட்டது. வாயாடிகள் எப்போதும் திரும்பி வந்துவிடுவார்கள். சொன்னதைக் கேட்கிற ஆள்தான் வராமலே இருந்துவிடுவான்.

அதனால் உன் வேலையில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இப்போது நாற்காலிகள் மறுபடி நிரம்பிவிட்டன, தலைவலிக்கும் பல்வலிக்கும் வந்து குவிகிறார்கள் என்று நீ அலுத்துக்கொள்கிறாய். அலுத்துக்கொள், யார் வேண்டாம் என்றார்கள். ஆனால் ஒன்றுமில்லாததற்கு வந்தவனை எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி திட்டாதே. திட்டுவாங்கியவன் துடைத்துப் போட்டுவிட்டு அடுத்த திங்கட்கிழமை வந்துவிடுவான். பின்னால் வரிசையில் தன் முறைக்காக, சத்தம் போடாமல், சட்டை நனைந்து ஒருத்தன் நிற்பான். அவன் அதைக் கேட்டுவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விடுவான். அப்படிப்பட்ட ஒருவனுக்குத்தான் நீ பிள்ளையாகப் பிறந்திருக்கிறாய். வாயு என்று சொல்லி அனுப்பும்போதுகூட, மறுபடி வலித்தால் கூச்சப்படாமல் வாங்க என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல். அந்த டாக்டர் பெண் என்னிடம் பேசிய மாதிரி பேசு.

இனி கல்யாண விஷயம். மேல் லயத்துக்குப் போகிற படிக்கட்டை நான் இப்போது கீழே இருந்து பார்ப்பதோடு சரி. என் நெஞ்சுக்கு அந்த மேடு ஆகாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். உன் அம்மாவுக்கும் முட்டி பிடித்துக்கொண்டது. அதனால் தட்டை நீதான் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம் எல்லாம் உன் அம்மா எடுத்துவைப்பாள். மற்ற வீடுகளுக்கெல்லாம் பிறகு போகலாம், முதல் தாம்பூலம் அந்த வாசலுக்கு. எல்லா வாசலிலும் ஆள் நிற்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும். நீ பெரிதாக மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். அவனுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். உன்னைப் பார்த்ததும் அவன் முதலில் என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும். "அப்பாவுக்கு மூச்சு எப்படிப்பா இருக்கு?" என்றுதான் கேட்பான். காலையில் என்னோடு உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருந்தாலும் அதைத்தான் கேட்பான். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டு, மாமா, தலைப்பாகை நீங்கதான் கட்டணும் என்று தட்டை நீட்டு. எனக்குக் கீழே இருந்தே கேட்கும்.

நீ வருகிற செய்தி தெரிந்தால் வழக்கம்போல விதை வாங்கக் கிளம்பிவிடுவான் என்று நீ நினைக்கலாம். அந்தக் கவலை உனக்கு வேண்டாம். நீ வருகிற நாளுக்கு முதல் நாளே, கடைக்குப் போய்வர வேண்டும் என்று சொல்லி அவன் மோட்டார் சாவியை வாங்கிவைத்துவிடுவேன். என்னால் மோட்டார் ஓட்ட முடியாது என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் கொடுப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா